லிண்டோ மனிதர் விசாரணை: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். சில வாரங்களாக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொலை, கழுத்து, கயிறு என்றே பேச்சு நடப்பதாகச் சிலர் தொலைபேசியில் முறையிட்டீர்கள். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத்தான் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகப் பிள்ளைகளை லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகவும் இருக்கிறோம்.

பிள்ளைகள் விசாரிப்பது லிண்டோ மனிதரின் சாவை. 1984 ஆகஸ்ட் 1ஆம் திகதி, இங்கிலாந்தின் செஷயரில் வில்ம்ஸ்லோ ஊருக்கு அருகிலுள்ள லிண்டோ மாஸ் சதுப்பு நிலத்தில் பீட் (மக்கிய தாவரங்களால் ஆன கரிய சதுப்பு மண்) வெட்டும் தொழிலாளர்கள் மரத்துண்டு என்று எண்ணி எடுத்த ஒன்றிலிருந்து மண் உதிர, மனிதக் கால் ஒன்று தெரிந்தது. பிறகு அதே சதுப்பில் உடலும் கிடைத்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டு பழையது. அமிலத் தன்மையும் காற்றில்லாத ஈரமும் சதுப்பில் வளரும் ஸ்பாக்னம் என்ற பாசியும் சேர்ந்து தோலைப் பதப்படுத்தி வைத்திருந்தன. தாடியைக் கத்தரித்த விதம்கூடத் தெரிகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு அங்கேயே ஒரு பெண்ணின் மண்டையோட்டுப் பகுதி அகப்பட்டது. உடனே உள்ளூர்க்காரர் ஒருவர், தன் மனைவியைத் தானே கொன்றதாகப் பொலிஸாரிடம் ஒப்புக்கொண்டார். பரிசோதித்தால் மண்டையோடு உரோமர் காலத்தது! ஆனாலும் வாக்குமூலம் வாக்குமூலம்தானே, அவருக்குத் தண்டனை கிடைத்தது. வகுப்பில் இந்தக் கதையை மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

லிண்டோ மனிதருக்கு இருபத்தைந்து வயதளவில் இருக்கும். உச்சந்தலையில் பலத்த அடி, கழுத்தில் மெல்லிய நரம்புக் கயிறு, தொண்டையில் வெட்டு. கையில் நரித்தோல் பட்டி, வேறு உடையில்லை. வயிற்றில் கருகிய ரொட்டியும் குடற்புழு முட்டைகளும். (புழுவைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள்.)

ஒவ்வொரு குழுவின் கொப்பியிலும் இரண்டு பத்திகள்: 'பார்த்தது', 'நினைப்பது'. ஒரு மாணவன் 'பார்த்தது' பக்கத்தில் 'பணக்காரர்' என்று எழுதினான். "பணத்தை எங்கே பார்த்தாய்?" என்று பக்கத்திலிருந்தவள் மடக்க, அழித்துவிட்டு 'நகங்கள் சீராக இருந்தன' என்று எழுதினான். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன்.

இன்னொருத்தி, "கொல்ல ஒரு அடி போதுமே, ஏன் மூன்று விதமாக?" என்று கேட்டாள். தெய்வத்துக்குக் கொடுத்த பலி என்று பல ஆய்வாளர்கள் சொல்வதற்கு அந்த மூன்றும்தான் அடிப்படை. ஆனால் கயிறு வெறும் கழுத்தணியாக இருக்கலாம், தொண்டை வெட்டு இறந்தபின் ஏற்பட்டிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் கேள்வியே ஆட்டம் காண்கிறது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து இன்னும் சண்டை பிடிக்கிறது, அதுவும் முழுக்கத் தமிழில். பாடப்புத்தகத்தை வைத்து இவர்களை இவ்வளவு பேச வைக்க எங்களால் முடிந்ததில்லை.

"சவத்தைக் காட்டவா பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள்?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். அருகே போக விரும்பாத பிள்ளைகளுடன் ஓர் ஆசிரியை வெளியே நிற்பார். போரில் உறவுகளை இழந்த வீடுகள் நம்மிடையே பல இருக்கின்றன. உங்கள் பிள்ளை வரவேண்டாம் என்றால் படிவத்தில் 'இல்லை' என்று மட்டும் குறியுங்கள், காரணம் கேட்கமாட்டோம். உடலின் அருகே படம் எடுக்க அனுமதியில்லை. இது எங்கள் விதி, இறந்தவருக்கு அந்த மரியாதையாவது கொடுக்கவேண்டும்.

ஒரேயொரு வேண்டுகோள். இணையத்தில் தேடி 'விடையை' வீட்டிலேயே சொல்லிவிடாதீர்கள். "அது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள்.

அனுமதிச் சீட்டு கட்டணமில்லை. ரயில் செலவும் மதியச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. கையொப்பமிட்ட படிவத்தை அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்