துண்டில் இலக்கம் இருக்க, பெயரை ஏன் கூவ வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வாய்ப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதுவே முதலிடம் என்பதையும், வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையையும் தெளிவாக எழுதியிருந்தீர்கள். வாயில் வெண்படலம் கண்டால் உடனே பல் வைத்தியரிடம் போகவேண்டும் என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரியோடுதான் எனக்கு வழக்கு.

மகரகமையில் பயிற்சி பெற்று, முப்பத்திரண்டு வருடம் இந்த மாவட்டத்தில் பாடசாலைப் பல் சிகிச்சையாளராக இருந்தவள் நான். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் உவர்மலையில் நான் 'பல்லு மிஸ்ஸி'தான். பல்வலி வந்தால் முதலில் என் படலையைத் தட்டுகிறவர்கள் உண்டு.

சென்ற மாதம் ஒருநாள், விளக்கு வைத்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் சாரிச் சட்டை தைக்கும் தங்கச்சி வந்தாள். அவள் ஒரு திருநங்கை. வலது கன்னம் கண் வரைக்கும் வீங்கியிருந்தது. கராம்பைக் கடித்துக் கடித்து முரசு வெந்து போயிருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் கடைவாய்ப் பல் காப்பாற்றும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது மற்றக் கன்னம். திருவிழாக் காலத்தில் நடுச்சாமம் வரை தையல். தூக்கம் வராமலிருக்க வெற்றிலை. அதை அடக்கி வைக்கும் இடத்தில், கஞ்சி காய்ந்து ஒட்டியதுபோல, துணியால் துடைத்தாலும் போகாத வெண்படலம்.

"எத்தனை நாளாக?" என்றேன். பல் ஐந்து மாதமாம். படலம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

போகாதவள் அல்ல அவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பல் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். இலக்கத் துண்டும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முறை வந்தபோது உள்ளேயிருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்து, தகப்பன் வைத்த பெயரை மூன்று தரம் கூவியிருக்கிறார். வாங்கில் இருந்த எல்லோரும் அந்த ஆண் யாரென்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். "நான் எழும்பவே இல்லை, மிஸ்ஸி. யாரோ போல இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்றாள்.

எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரையான இலக்கங்கள், பிறந்த வருடத்தில் அது எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண் என்றால் அதனோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரி 9 பிறந்த ஆணுக்கு 040, பெண்ணுக்கு 540. பெயரை மறைத்தாலும் அட்டை இலக்கம் காட்டிக்கொடுக்கும். 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம் என்பது உண்மை. அதற்கு மனநல வைத்தியர், பிறகு பிறப்புச் சான்றிதழ், பிறகு புதிய அட்டை என்று அலையவேண்டும். ஒரு நாள் கடையைப் பூட்டினால் ஒரு நாள் கூலி போகும் ஒருத்திக்கு இது சின்ன வேலையல்ல.

கொழும்பில் பல் வைத்தியராக இருக்கும் என் பெறாமகளிடம் இதைச் சொன்னேன். சில ஆய்வுகளை எடுத்து விளங்கப்படுத்தினாள். அமெரிக்காவில் திருநர்களிடம் விசாரித்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், பாகுபாடு காட்டுவார்கள் என்ற அச்சமும் பல் சிகிச்சைமீதான பயமும் சேர்ந்தே காணப்பட்டனவாம். ஊசிக்குப் பயந்து கதிரையிலிருந்து குதித்தோடும் பிள்ளைகளை ஆயுள் முழுக்கச் சமாளித்தவள் நான். இது அந்தப் பயமல்ல. அதே நாட்டில் 2009 முதல் 2014 வரை திரட்டிய தேசியத் தரவுகளைப் பார்த்தவர்கள், தன்பாலீர்ப்புள்ளோருக்கும் மற்றவர்களுக்கும் சூத்தைப் பல்லிலும் முரசு நோயிலும் பெரிய வித்தியாசம் காணவில்லை. ஆனால் தம் வாய்நலம் மோசம் என்று சொன்னவர்கள் இவர்களிடையே அதிகம். பல்லை மட்டும் எண்ணினால் இது பிடிபடாது. இந்த ஆய்வுகளில் எங்களுக்குக் கிட்டிய இடம் இந்தியாவின் போபால். அங்கே திருநங்கையரின் வாய்களைச் சோதித்தவர்கள் புகையிலையையும் பாக்கையும்தான் பெரும் சிக்கலாகக் கண்டார்கள்.

நான் நிரப்பிய படிவங்களில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள். எங்கள் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வு 1983/84இல் தொடங்கி, நான்காவது தடவையாக 2015/16இல் நடந்தது. அடுத்ததை வடிவமைப்பவர்கள் திருநர்களையும் தன்பாலீர்ப்புள்ளோரையும் கணக்கில் எடுக்கவேண்டும். கிளினிக் வாசலில் வைத்து 'நீ யார்?' என்று கேட்டுவிடாதீர்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழலில் வளர்ந்தவர்கள் இவர்கள். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்ததால் மட்டும் யாரும் வாய் திறந்துவிடமாட்டார்கள். அவர்கள் நம்பும் ஆட்களைக் கொண்டு, பெயர் கேளாமல் விசாரியுங்கள்.

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. தொண்ணூறுகளில் ஒரு பாடசாலையில், பத்து வயதுப் பையன் ஒருவன் விரல் நுனியெல்லாம் மருதோன்றியோடு கதிரையில் ஏறினான். "என்ன, கலியாணப் பெண்ணோ?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று தற்காலிகமாகத்தான் அடைத்திருந்தேன். மீதியை முடிக்க அவன் வரவில்லை. அவனுடைய அட்டையில் 'சமூகமளிக்கவில்லை' என்று எழுதியதும் நான்தான்.

இப்போது நான் கேட்பது சல்லிக் காசு செலவில்லாத ஒன்று. துண்டில் இலக்கம் இருக்கிறது, அதையே கூப்பிடுங்கள். பெயர் புத்தகத்தில் கிடக்கட்டும்.

தங்கச்சியை நானே கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் இளம் பிள்ளை. "அக்கா, வாயைத் திறவுங்கள்" என்றுதான் பேசினார். பல்லைப் பிடுங்கி, படலத்தில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வரும் செவ்வாய்க்கிழமை. வாசலில் மட்டும் அன்றும் அந்தப் பழைய பெயரைத்தான் கூவினார்கள். இரண்டாம் தரம் கூவ முதல் நான் எழுந்துவிட்டேன். முழு வாங்கும் என்னையே பார்த்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்,
உவர்மலை, திருகோணமலை.