பறவைக் கூடுகளின் படங்கள் வேண்டாமே

ஆசிரியருக்கு, வணக்கம்.

விடுமுறை நாட்களில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெருகியிருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் கையில் கேமரா வந்ததும் சிலருக்கு அவசரமும் கூடவே வந்துவிடுகிறது.

முக்கியமாக, கூடுகள். படம் தெளிவாக விழ வேண்டுமென்று கூட்டை மறைத்திருக்கும் கிளைகளை ஒதுக்கிக் கட்டுகிறார்கள். சிலர் ஒடித்தே போட்டுவிடுகிறார்கள். குஞ்சுகளுக்கு அந்த இலைகள்தான் நிழல். இறகு முளைக்காத குஞ்சின் உடல் வெப்பத்தைச் சமாளிக்காது. நேர் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. மறைப்பு போனால் காக்கையின் கண்ணிலும் கூடு பட்டுவிடும். தாய்ப்பறவை அலகில் புழுவை வைத்துக்கொண்டு, கூட்டுக்கு வராமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்துகிறதா? நாம் ரொம்ப நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். பேசாமல் பின்வாங்கிவிட வேண்டும்.

அப்புறம், செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக நினைத்து, ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. படம் கிடைக்கும், சரி. அதன் காலை நேரம் வீண்.

பெரிய லென்ஸ் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பல பறவைகள் தாமாகவே அருகில் வரும். பார்த்ததை 2002-இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

உங்கள் நாளிதழும் வாசகர் புகைப்படப் பகுதியில் கூட்டுப் படங்களை வெளியிடுவதை நிறுத்தலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்