லோஸ் ஹைவாஸ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லோஸ் ஹைவாஸ் இசைக்குழுவினருக்கு,

வணக்கம். ஸ்பானிய மொழி அறியாத ஒரு தமிழ் ரசிகன் எழுதுகிறேன். உங்கள் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, பெருவின் பழைய இன்கா மலைநகரமான மச்சு பிச்சுவைப் பற்றி எழுதிய கவிதைக்கு நீங்கள் இசையமைத்து 1981இல் வெளியிட்ட தொகுப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அதில் பதினோரு நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரு பாட்டு உண்டு. மலைக்குழல்களும் பியானோவும் டிரம்ஸும் மின்கிதாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல அதில் பேசிக்கொள்கின்றன. எத்தனை முறை கேட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

ஆனால் இந்த மடல் அந்தச் சிகரத்தைப் பற்றியதல்ல. நீங்கள் மலையடிவாரத்தில் இருந்த காலத்தைப் பற்றியது.

1963, சிலியின் கடற்கரை நகரமான வினா டெல் மார். பர்ரா வீட்டுச் சகோதரர்கள் எதுவார்தோ, கிளாதியோ, கப்ரியேல். அவர்களோடு நண்பர்கள் காத்தோ அல்கிந்தா, மரியோ முத்திஸ். கடைக்குட்டி கப்ரியேலுக்கு அப்போது பதினைந்து வயதுதான். ஆகஸ்ட் 15 அன்று ஊர் நகராட்சி அரங்கில் முதல் மேடை ஏறினீர்கள். நெட்டையும் குட்டையுமாக இருந்ததால் 'ஹை அண்ட் பாஸ்' என்று பெயர். வாசித்ததோ விருந்துகளிலும் நடன இரவுகளிலும் ஊரார் ஆட விரும்பிய கொலம்பியாவின் கும்பியாவும் பிரேசிலின் போசா நோவாவும். ஆண்டுக்கணக்கில் அதுவே உங்கள் பிழைப்பு.

பிறகு அறுபதுகளின் இறுதியில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டுகளையெல்லாம் கைவிட்டீர்கள். மனப்பாடமான எதுவும் வேண்டாம், அந்தந்த நேரத்தில் பிறப்பதே இசை என்று உட்கார்ந்தீர்கள். சிலியின் பூர்வகுடிகளான மாபுச்சே மக்களின் ட்ருட்ருகா உங்களிடம் வந்தது. ஆளைவிட நீண்ட பிரம்புக் குழாய், அதன் முனையில் மாட்டுக்கொம்பு. ஊதினால் மலையே கூப்பிடுவது போன்ற கரகரத்த ஒலி. அதை மின்கிதாருக்குப் பக்கத்தில் நிறுத்தும் துணிவு அந்த வயதில் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலப் பெயர்கூட ஸ்பானிய நாக்கில் உருண்டு 'ஹைவாஸ்' ஆகிவிட்டது. 1971இல் முதல் தொகுப்பு. அடுத்த ஆண்டே நாடு முழுவதும் உங்கள் பாட்டு.

1973இல் சிலியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதற்குப் பின் அர்ஜென்டினா, 1977இல் பிரான்ஸ் என்று ஊர் மாறினீர்கள். குழு கலையவில்லை. 1988இல் பெரு நாட்டில் கார் விபத்தில் கப்ரியேல் போனார். பின்னர் அவர் மகள் ஹுவானிதா அப்பாவின் இடத்தில் டிரம்ஸ் முன் அமர்ந்தார். 2003இல் காத்தோவும் போய்விட்டார்.

சாட்சிகள் குறைகிறார்கள் என்ற பதைப்பில்தான் கேட்கிறேன். அந்த நடன இரவுகளைப் பற்றியும், அவற்றை விட்டு வெளியேறிய நாட்களைப் பற்றியும் நீங்களே அமர்ந்து விரிவாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். பிற மொழியினருக்கும் புரிய வசன வரிகளோடு வெளியிடுங்கள். எந்த ஒத்திகையில் பழைய பாட்டு பாதியில் நின்றது? 'இனி இது வேண்டாம்' என்று முதலில் சொன்னது யார்? விருந்துக்கு அழைத்தவர்கள் முகம் சுளித்தபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்? எங்கோ ஒரு வீட்டில் பள்ளி நண்பர்களோடு அடுத்தவர் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மச்சு பிச்சுவைவிட இந்தப் பதில்கள்தாம் முதலில் தேவைப்படும்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்