'செயலற்ற முறையில்' அசைப்பது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த பக்கவாதக் கட்டுரையில், 'கை கால்களைச் செயலற்ற முறையில் அசைக்க வேண்டும்' என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் 'பாசிவ்லி' என்று இருந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட்டான எனக்கு அந்த வரியைப் படித்ததும் பகீரென்றது.

நோயாளி தன் பலத்தைக் கொடுக்காமல் இருக்க, இன்னொருவர் அவருடைய கையை அசைத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் துறையில் அதற்குப் பொருள். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த இதே சொல்லைச் செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்த ஒரு மகள், அப்பாவின் வலக்கையை ஆடாமல் அசையாமல் தலையணைமேல் வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. முழங்கையை நீட்டவே முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'செயலற்று' என்று படித்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: ஒரு கையால் நோயாளியின் முழங்கையையும் மறு கையால் மணிக்கட்டையும் தாங்கிப் பிடித்து, வலிக்காத அளவுக்கு மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்துபோன தோள்மூட்டு இறங்கிவிடும். இதனால் மூட்டு இறுகாமல் காக்கலாம், தசைக்குப் பலம் வராது. சிறு அசைவு திரும்பியதுமே நோயாளியை முயலவிட வேண்டும், நாம் கூடவே தாங்கிக்கொண்டால் போதும்.

'பாசிவ்' என்ற இந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. அநியாயத்தைக் கண்டும் கைகட்டி நிற்பவரையும் அது குறிக்கும். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையை நாம் சுவாசிப்பதையும் குறிக்கும். தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போய்ச் சேர்வதையும் குறிக்கும். தென்னாப்பிரிக்காவில் 1906-இல் தொடங்கிய போராட்டத்தை 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்று சொல்லிவந்த காந்தியே, அது பலவீனரின் ஆயுதம்போல் ஒலிப்பதாகக் கருதி, 'சத்தியாகிரகம்' என்று பெயர் மாற்றினார். இத்தனை பொருளுக்கும் 'செயலற்ற' என்ற ஒரே சொல்லைப் போட்டால் எப்படி?

மருத்துவக் கட்டுரைகளில் இனி 'பிறர் அசைத்துவிடும் பயிற்சி' என்றே எழுதுங்கள். படம் போட இடமிருந்தால், முழங்கையைத் தாங்கும் கை தெளிவாகத் தெரியட்டும். வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் பலரும் படத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்