சட்டம் வந்துவிட்டது, வாடகைக் கணக்குகளை யார் மூடுவது?

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு,

வணக்கம். இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். நான் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவன். கடனில் மாட்டிய பிள்ளைகளின் வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்துக்கொண்டு, "என்ன நடந்திருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று பெற்றோர் வருவார்கள்.

முதலில் நன்றி. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற வழக்கு தமிழ்நாட்டில் வருடக்கணக்காக இழுத்தது. மாநிலம் கொண்டுவந்த முதல் தடையை 2021இல் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. இதை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. அதிலும் ரம்மியும் போக்கரும் அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றத் தீர்ப்பால் தடையிலிருந்து தப்பித்துவிட்டன. உங்கள் சட்டம் அந்தக் கேள்விக்கே போகவில்லை. பணம் கட்டி ஆடுவதா என்று மட்டும் பார்க்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இது மிகச் சரி. ஆடியவனையும் குற்றவாளி ஆக்கியிருந்தால் எந்த அம்மாவும் அந்தத் தாள்களை என்னிடம் நீட்டியிருக்க மாட்டார்.

சரி, அப்புறம்? பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் தாள்களில் பற்று நிற்கவில்லை. முன்பு நிறுவனப் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஆள் பெயர்கள். இரவு 1.40க்கு ஒருவருக்கு 500 ரூபாய். பத்து நிமிடத்தில் இன்னொருவருக்கு 1,000. அப்புறம் 2,000. எல்லாம் யூபிஐ. விடியும் நேரத்தில் ஒரு கடன் செயலியிலிருந்து 5,000 வரவு. அதுவும் அரை மணி நேரத்தில் காலி. வெளிநாட்டுப் பந்தயத் தளத்தின் ஆட்கள் டெலிகிராமில் கியூஆர் அனுப்புகிறார்கள். பணம் கட்டி ஸ்கிரீன்ஷாட் போட்டால் ஆட்டக் கணக்கில் காசு ஏறும். மறுநாள் வேறு கியூஆர், வேறு பெயர். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்து வாடகைக்குக் கொடுத்துவிட்ட கல்லூரிப் பையன்கள், வேலையில்லாதவர்கள்.

பண ஆட்டத்துக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வெளிப்பார்வைக்கு இது ஒரு தனிநபர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம்தானே? அதே சமயம், நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடமிருந்து 500, 1,000 என்று வந்து, மாலைக்குள் மொத்தமாகத் துடைக்கப்படும் சேமிப்புக் கணக்கை அனுபவமுள்ள எந்த எழுத்தரும் கண்டுபிடித்துவிடுவார். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் இதற்கென்றே மியூல்ஹண்டர் என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. எல்லா வங்கிகளும், சிறு கூட்டுறவு வங்கிகள் உட்பட, இப்படிப்பட்ட கண்காணிப்பைக் கட்டாயமாகச் செய்ய நிதி அமைச்சகத்தோடும் ரிசர்வ் வங்கியோடும் பேசி வழிசெய்யுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சூதாட்டப் பணத்தில் 200 ரூபாய் எங்கோ சுற்றி ஒரு டீக்கடைக்காரரின் கணக்குக்கு வந்துவிட்டால், அவர் கணக்கையே முடக்காதீர்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும். அவர் மறுநாள் பால் வாங்க வேண்டும்.

இரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழ்நாடு 2025இல் விதித்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நான் பார்த்த தாள்களில் பெரும்பகுதி பணம் போனது அந்த நேரத்தில்தான். வாடிக்கையாளரே கேட்டால், அந்த நேரத்துக்கு அவருடைய யூபிஐயை வங்கி பூட்டி வைக்கட்டும். பூட்டியதை அன்றிரவே திறக்க முடியாதபடி இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஆட்டத்தை விட நினைப்பவர் யாரிடம் போவது? அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416இல் சூதாட்ட அடிமைத்தனம் பற்றிப் பயிற்சி பெற்றவர்கள் தமிழில் பேசக் கிடைக்க வேண்டும், இரவு ஒன்றரை மணிக்கும். அதற்கான செலவை, நடத்துபவர்களிடம் வசூலாகும் அபராதத்திலிருந்து ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈரோடு