ட்ஸுக்கலா: ஒரு குயவர் பெயர் அரிதான கதை

யாழ்ப்பாணம்

அன்பின் யோகன்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நம்மவர்களோடு சேர்ந்து மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி, பலேர்மோவின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வந்ததாக எழுதியிருந்தாய். வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது, விதைப்பும் முடிந்தது.

சிசிலித் தீவில், உன் பலேர்மோவில் வீட்டு வாசல்களின் அழைப்புமணிப் பலகையில் 'குவர்தராரோ' அடிக்கடி கண்ணில் படுகிறது, 'ட்ஸுக்கலா' மட்டும் ஒரே ஓர் இடத்தில்தான் கண்டேன், அது என்ன பெயர், ஏன் அவ்வளவு அரிது என்று கேட்டிருந்தாய். இரண்டையும் ஒரே மூச்சில் நீ கேட்டது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இரண்டுமே மண்பாண்டம் வனைகிறவரின் பெயர்கள். ஒன்று பெருகியது, மற்றது பெருகவில்லை. காரணம் தொழிலில் பாதிதான். மீதிப் பாதி மொழியில் இருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. இத்தாலிய எழுத்தில் இது Zuccalà. அழுத்தம் கடைசி 'லா'வில் விழ வேண்டும். இத்தாலியர் அந்தக் கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். அலுவலகப் படிவங்களில் பெரிய எழுத்தில் அடிக்கும்போது அந்தக் கோடு போய், பெயரின் முடிவில் ஒரு மேற்கொட்டு மட்டும் மிஞ்சும். கப்பலேறி அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர்களின் தாள்களில் அதுவும் இல்லை. கோடு போனால் பெயரின் பிறப்பிடமே மறைந்துவிடும், ஏனென்றால் இந்தப் பெயரில் நமக்குச் சாட்சி சொல்வது அந்தக் கடைசி அழுத்தம்தான். அதைக் கவனிக்காமல் வாசிக்கும் இத்தாலியர்கூட 'ட்ஸுக்கா' என்றால் பூசணிக்காய்தானே, அதிலிருந்து வந்திருக்கும் என்பார்கள். பூசணிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சொல் கிரேக்கம். 'ட்ஸுக்காலி' என்றால் சமையல் பானை. 'ட்ஸுக்கலாஸ்' என்றால் அதைச் செய்கிறவர். கிரேக்க நாட்டில் இன்றும் அது சாதாரணமாகப் புழங்கும் குடும்பப்பெயர். ஒருவர் செய்கிற அல்லது விற்கிற பொருளின் பெயரோடு 'ஆஸ்' சேர்த்து அவரைக் குறிப்பது கிரேக்க வழக்கம். தென் இத்தாலியில் கடைசி 'ஸ்' உதிர்ந்து 'ஆ' மட்டும் நின்றது. இதே வார்ப்பில் 'செராமிதா' என்றொரு பெயர் இத்தாலியின் தென்முனையான கலாப்ரியாவில் உண்டு: ஓடு செய்கிறவர்.

கிரேக்கம் அங்கே எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நோர்மன்கள் 1071இல் பாரி நகரைப் பிடிக்கும்வரை தென் இத்தாலியின் பெரும் பகுதி கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. ஆட்சி போனாலும் சனங்கள் கதைத்த மொழி போகவில்லை. கலாப்ரியாவின் போவா மறைமாவட்டம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதிவரை கிரேக்க முறையிலேயே வழிபாடு நடத்தியது. உன் பக்கத்தில், சிசிலியின் வடகிழக்கில் மெஸ்ஸினாவைச் சுற்றியும் கிரேக்கம் நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. இன்று எஞ்சியிருப்பது கலாப்ரியாவின் ஆஸ்ப்ரமொந்தே மலைச்சரிவில் சில ஊர்களும், லெச்செ நகருக்குத் தெற்கே சலெந்தோவில் ஒரு கொத்து ஊர்களும்தான்.

இனி அரிதான கதைக்கு வருகிறேன். தொழிற்பெயர் எப்படிப் பெருகும் என்று பார்க்க, கொல்லரை எடுத்துக்கொள். ஏர்க்கொழு, குதிரை லாடம், கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் ஊருக்கு ஒரு கொல்லர் வேண்டும். அதனால் அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது; ஒன்றுக்கொன்று இரத்த உறவே இல்லாத குடும்பங்கள் ஒரே பெயரைச் சுமந்தன. லொம்பார்தி, எமிலியா பக்கம் ஃபெராரி, பியெமொந்தெயில் ஃபெரேரோ, தெற்கே ஃபெர்ராரோ, வெனெத்தோவில் ஃபாவெரோ, சர்தேனியாவில் ஃப்ராவு. மோதெனாவில் பிறந்த கார்க்காரரின் பெயரும், பியெமொந்தெயின் ஆல்பா ஊரில் சொக்லேட் செய்தவரின் பெயரும் கொல்லர் என்ற ஒன்றைத்தான் சொல்கின்றன. பெயரின் பிராந்திய உடையை வைத்தே ஆள் எந்தப் பக்கத்தவர் என்று சொல்லிவிடலாம்.

குயவர் நிலைமை வேறு. நல்ல களிமண், தண்ணீர், சூளைக்கு விறகு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் தொழில் நடக்கும். ஆகவே குயவர்கள் சில ஊர்களில் திரண்டார்கள்: கலாப்ரியாவில் செமினாராவும் ஸ்குயில்லாச்செயும், சலெந்தோவில் குத்ரோஃபியானோ, சிசிலியில் ஷாக்கா. மற்ற ஊர்கள் பாண்டத்தை வாங்கிக்கொண்டன. இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. தொழிற்பெயர் ஆளை அடையாளம் காட்டத்தான் ஒட்டுகிறது. குயவர் ஊரில் 'ஏய் குயவா' என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அங்கே அந்தப் பெயரால் பயன் இல்லை. அதே ஆள் வேறு ஊரில் குடியேறி, அங்கே அவர் ஒருவர்தான் குயவர் என்றால், பெயர் அவரோடும் அவர் பிள்ளைகளோடும் ஒட்டிக்கொள்ளும். எனவே குயவர் பெயரைத் தேடுகிறவர் பாண்டத்துக்குப் பேர்போன ஊரில் மட்டும் தேடிவிட்டு இல்லையென்று திரும்பக் கூடாது. சுற்றுவட்டாரத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: அங்கே குயவர்கள் எல்லாரையும் ஒரே பெயரால் அழைக்கவில்லை, அவரவர் செய்த பாண்டத்தால் அழைத்தார்கள். பலேர்மோவில் நீ பார்க்கும் குவர்தராரோ, 'குவர்தாரா' என்ற தண்ணீர்க் குடம் செய்தவர். இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, மெருகு பூசாத சுட்ட மண். அதன் உடம்பில் நுண்துளைகள் இருக்க வேண்டும். தண்ணீர் மெல்லக் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியானால்தான் உள்ளே குளிரும். சமையல் பானை நேர் எதிர். அடுப்புச் சூட்டில் மண் விரிந்து சுருங்கும்போது வெடிக்காமல் இருக்க, களியோடு பருமணல் கலந்து பிசைய வேண்டும். எண்ணெயும் குழம்பும் ஊறிவிடாதபடி உட்புறம் மட்டும் மெருகு பூசுவார்கள். நெருப்பைப் பார்க்கும் வெளிப்புறத்தை வெறும் மண்ணாக விட்டுவிடுவார்கள். மணல் குறைந்தால் பானை முதல் சமையலிலேயே கீறும். அளவுக்கு மிஞ்சினால் சக்கரத்தில் எழும்பாது, விரலையும் அராவும். தெற்கில் 'பின்யாத்தா' எனப்படும் பானை இந்த வகை: பெருத்த வயிறு, ஒரே பக்கத்தில் இரண்டு காது, தணலின் ஓரத்தில் வைத்து அவரைக்கொட்டை அவிப்பதற்கு. அதைச் செய்தவர் பின்யத்தாரோ. கலாப்ரியாவில் கூசா செய்தவர் கன்னத்தாரோ. ட்ஸுக்கலா, பின்யத்தாரோவின் கிரேக்கச் சகோதரன். குவர்தராரோவுக்கு ஒன்றுவிட்ட முறை.

வடக்கே போனால் பெயர்கள் மறுபடி மாறும். குவளை செய்தவர் பொக்கலாரி, கிண்ணம் செய்தவர் ஸ்கொதெல்லாரி, செங்கல் சூளைக்காரர் ஃபோர்னச்சாரி. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி, 1511இல் அரெத்ஸோவில் பிறந்தவர். அவர் பாட்டனார் குயவர், குடும்பப்பெயரும் அந்தத் தொழிலில் வந்ததுதான்.

ஆக, குயவர் என்ற ஒரு தொழில் பத்துப் பெயர்களாகச் சிதறியிருக்கிறது. அதில் கிரேக்கத்துக்குக் கிடைத்த பங்கு தொடக்கத்திலேயே சின்னது. பிறகு அந்த மொழியே சுருங்கியது. குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறுகியது, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1563இல் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கிய பிறகுதான் எங்கும் உறுதியானது. அந்த நேரத்தில் கிரேக்கம் கதைத்த ஊர்கள் ஒவ்வொன்றாக இத்தாலியப் பேச்சுவழக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்குப் பின் புதிதாக ஒரு குயவருக்குப் பெயர் வைத்தவர்கள் ட்ஸுக்கலா என்று வைக்கவில்லை, பின்யத்தாரோ என்றுதான் வைத்தார்கள். பழைய பெயர் இருந்த வீடுகளில் மட்டும் தொடர்ந்தது. என் தீர்மானமான எண்ணம் இதுதான்: இந்தப் பெயர் அழியவில்லை, ஆனால் பிறப்பது நின்றுவிட்டது. அரிது என்றவுடன் பிரபுக் குடும்பமாக இருக்கும் என்று சிலர் கிளப்புவதை நம்பாதே. பெயர் தந்தைவழியாக மட்டும் இறங்கிய நாட்டில், இரண்டு தலைமுறைக்குப் பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்தாலே ஒரு கிளை முடிந்துவிடும். 2022இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம், பெற்றோர் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் அன்றி, பிள்ளைக்கு இருவரின் பெயரும் சேரும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. இத்தகைய சின்னப் பெயர்களுக்கு அது பெரிய உயிர்ப்பிடி.

நீ பலேர்மோவில் இருப்பதால் இதைச் சோதித்தும் பார்க்கலாம். முதலில் பரவல் வரைபடம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மிலானும் தொரினோவும் ரோமும் முன்னால் வந்து நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தெற்கிலிருந்து வேலை தேடிப் போனவர்களின் நிழல் அது. பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று பார். அப்போது பெருநகரங்கள் மங்கி, பெயரின் பழைய நிலம் துலங்கும்.

பிறகு ஆவணம். குடியியல் பதிவு நேப்பிள்ஸ் இராச்சியத்தின் பெருநிலத்தில் 1809இலும், சிசிலியில் 1820இலும் தொடங்கியது. ஒன்றுபட்ட இத்தாலிக்குப் பொதுவானது 1866 முதல். அரச ஆவணக் காப்பகங்களின் 'ஆன்தெனாத்தி' இணையத்தளத்தில் இவற்றின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைத் தட்டித் தேடும் வசதி எல்லா ஊருக்கும் இல்லை. 1866க்குப் பிறகு பத்தாண்டு அட்டவணையில் தொடங்கு. அதற்கு முன் ஒவ்வோர் ஆண்டுப் புத்தகத்தின் இறுதியில் உள்ள அட்டவணையைப் பார். பழையவற்றில் சில குடும்பப்பெயர் வரிசையில் இல்லாமல் முதற்பெயர் வரிசையில் இருக்கும். இசட் எழுத்து கடைசித் தாளில் வருவதால், அட்டை கழன்ற புத்தகத்தில் முதலில் சிதைவதும் அந்த வரிசைதான். அட்டவணையில் இல்லை என்றால் உள்ளே ஒவ்வொரு பதிவாகப் புரட்டத்தான் வேண்டும்.

திருமணப் பதிவை மட்டும் எடுத்துவிட்டு நிற்காதே. அதனோடு கட்டிவைத்த இணைப்புத் தாள்கள்தான் புதையல். மணமக்களின் ஞானஸ்நானச் சாற்று (பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதிய பகுதி), தகப்பன் இறந்திருந்தால் மரணச் சாற்று, சில வேளை பாட்டனின் மரணச் சாற்றும் அதிலே இருக்கும். ஒரே கட்டில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போய்விடலாம். பெண்கள் எப்போதும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதியப்பட்டிருப்பதால் தாய்வழியும் அறுபடாது. உயிரோடு இருக்கும் தலைமுறைக்கு நகரசபையில் பிறப்புச் சாற்று கேட்கும்போது, பெற்றோர் பெயரோடு வேண்டும் என்று எழுதிக் கேள். சாதாரணச் சான்றிதழில் அவை வராது.

அதற்கும் முன்னே போக, பெருநிலத்தில் 1740களில் பூர்பொன் அரசர் கார்லோ எடுப்பித்த வரிக்கணக்கு உண்டு. அது நேப்பிள்ஸ் அரச ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரின் பெயர், வயது, தொழில், சொத்து எல்லாம் வரிசையாக இருக்கும். சிசிலியில் அதற்கு இணையானவை 'ரிவெலி' எனப்படும் குடும்ப, சொத்து வாக்குமூலங்கள். பலேர்மோ அரச ஆவணக் காப்பகத்திலேயே அவை உள்ளன, நீ நடந்து போகும் தூரம். மெஸ்ஸினா, ரெஜ்ஜோ பக்கம் இடைவெளி வந்தால் மனம் தளராதே. 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் பல பதிவுகள் போய்விட்டன. குடியியல் பதிவுகளை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை நகரசபையிலும் மற்றதை நீதிமன்றத்திலும் வைப்பது வழக்கம். ஒன்று அழிந்த இடத்தில் மற்றதைக் கேட்டுப் பார்.

வழுக்கும் இடங்களும் உண்டு. ஆவணத்தில் ட்ஸுக்கலா என்ற பெயருக்கு நேரே தொழில் 'பிராச்சாலே', அதாவது கூலி உழவர், என்று இருந்தால் பெயர் விளக்கம் பிழை என்று எண்ணாதே. பெயர் இறுகிய பின் தொழில் எப்படியும் மாறும். அதே போல 1820இல் ஒரு ட்ஸுக்கலா குயவராக இருந்தாலும் அது மட்டும் ஆதாரமாகாது. கணினியின் ஒலியொப்புத் தேடலில் 'ட்ஸுக்கல்லி' வந்து கலக்கும். அது சுவிற்சர்லாந்தின் ரொவெரேதோ ஊர்க் கட்டடக் கலைஞர் குடும்பம், உறவில்லை. 'ட்ஸுக்கரோ' சர்க்கரை. பின்யத்தாரோவிலும் ஒரு பொறி: காசெர்த்தா மாவட்டத்தில் பின்யத்தாரோ மஜ்ஜோரே என்றே ஓர் ஊர் இருப்பதால், பெயர் தொழிலால் வந்ததா ஊரால் வந்ததா என்று குடும்பம் குடும்பமாகப் பிரிக்க வேண்டும்.

'ஆ'வில் முடிவதெல்லாம் கிரேக்கத் தொழிற்பெயர் என்றும் கொள்ளாதே. 'வதலா' அரபு, இறைவனின் அடியான் என்ற அப்துல்லா. 'சாக்கா' இன்னும் சிக்கல்: கிரேக்க வழியில் சாக்கு செய்தவர், அரபு வழியில் தண்ணீர் சுமந்து விற்றவர். இரண்டு மொழியும் புழங்கிய சிசிலியில் எதையும் தள்ளிவிட முடியாது. அங்கே குடும்பத்தின் பழைய ஊர் எது என்பதுதான் தீர்ப்புச் சொல்லும்.

ரிவெலியைப் பார்க்கப் போனால், பெயரை எழுத்தர் எழுதியபடியே பார்த்தெழுது. ஒற்றைச் 'சி'யா இரட்டைச் 'சி'யா, முடிவில் கோடு உண்டா, எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டும். நீ திருத்தி எழுதிவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. குவர்தராரோக்களையும் சேர்த்தே குறித்துக்கொள். 15ஆம் நூற்றாண்டிலேயே ரிக்கார்தோ குவர்தராரோ என்ற ஓவியர் அதே ஷாக்காவிலிருந்து வந்திருக்கிறார். அந்தப் பெயர் எவ்வளவு முன்னரே இறுகிவிட்டது என்பதை ஒப்பிட உதவும். கிடைப்பதை அடுத்த கடிதத்தில் அனுப்பு, செமினாரா பக்கத்துத் திருமணக் கட்டுகளை நான் இணையத்தில் புரட்டி வைக்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவா