சங்கம் யாருடையது? கூட்டுறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறையின் அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு நவம்பரிலும் கூட்டுறவு வார விழா வருகிறது, ஏழு வண்ணக் கொடி ஏறுகிறது, ‘கூட்டுறவே நாட்டுயர்வு’ என்று பேனர் கட்டுகிறார்கள். எல்லாம் சரி. அந்தப் பேனரை யார் செலவில் கட்டுகிறார்களோ அந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது? 2018இல் சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தது, நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2023இல் முடிந்தது, உடனே அந்த இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இது இந்த ஆட்சி அந்த ஆட்சி என்ற பேச்சு இல்லை. தனி அலுவலர் என்ற பதவி எல்லா ஆட்சிக்கும் பிடித்தமானதாகவே இருந்திருக்கிறது.

நான் எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினர். பயிர்க்கடன், நகைக்கடன், உரம், ரேஷன் எல்லாவற்றுக்கும் அந்த வாசல்தான். அங்கே போய் நிற்கும்போது நான் பங்குதாரர் என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை, தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க நிற்கிற மாதிரிதான் இருக்கும். யூரியா கேட்டால் கூடவே ஒரு திரவ உர பாட்டிலையும் வாங்கு என்கிறார்கள். வேண்டாம் என்றால் மூட்டை இல்லை. என் சங்கத்தில் எனக்கே இணைப்புப் பொருள் திணிக்கிறார்கள், அதைக் கேட்கலாம் என்றால் நான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் அங்கே இல்லை.

முதலாளித்துவத்துக்கு மாற்று என்ன என்று கருத்தரங்கங்களில் நிறையப் பேசுகிறார்கள். பெரிய பெரிய சொற்கள் வருகின்றன. மாற்று நம் ஊர்ச் சங்கத்திலேயே இருக்கிறது. கம்பெனியில் பங்குக்கு ஓட்டு, ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம் ஓட்டு. சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு, பத்து ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒன்றுதான். லாபம் வந்தால் அதை என்ன செய்வது, கடனை யாருக்கு முதலில் கொடுப்பது, ரசாயன உரத்தோடு மண்புழு உரமும் நாட்டு விதையும் விற்கலாமா என்பதை அந்த மண்ணில் உழுகிறவர்களே உட்கார்ந்து முடிவு செய்யலாம். இதற்கு மேல் நமக்கு என்ன மாற்று வேண்டும்? 1904இலேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை வந்துவிட்டது, அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கமும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு கூட்டுறவுச் சட்டத்தைக் கொண்டுவந்த வெள்ளைக்கார அரசு ஜனங்களை முழுதாக நம்பவில்லை, பிடியைப் பதிவாளர் என்ற அரசு அதிகாரி கையில் கொடுத்து வைத்தது. சுதந்திரம் வந்தும் அந்தப் பிடி தளரவில்லை.

அதனால்தான் அரசுக்குச் சங்கம் ஒரு பட்டுவாடா கவுன்டராக மட்டும் தெரிகிறது. 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்பு, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. தள்ளுபடி கிடைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, மழையிலும் விலையிலும் அடிபட்டவர்களுக்கு அது தேவைதான். ஆனால் கடன் கொடுத்தது சங்கம், தள்ளுபடி செய்வதாக அறிவித்தது கோட்டை. நடுவில் எந்தச் சங்கத்திலாவது உறுப்பினர் எல்லாரும் சேரும் பேரவைக் கூட்டத்தைக் கூட்டி, உங்கள் பணம், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்களா?

உறுப்பினர்கள் கையில் இருந்தால் ஒரு சங்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கேரளத்தில் வடகரைப் பக்கம் உள்ள ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். 1925இல், மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த காலம். வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததற்காக மேல்சாதி நிலக்காரர்கள் வேலை தர மறுத்த கூலித் தொழிலாளர்கள், கையிலிருந்த சில அணாக்களைப் போட்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அது பாலமும் தேசிய நெடுஞ்சாலையும் போடுகிறது, கோழிக்கோட்டில் ஐடி பூங்கா நடத்துகிறது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கிறது. இயக்குநர் குழுவில் இருப்பவர்களும் அங்கே வேலை செய்கிற தொழிலாளர்களே. நூறு வருஷம் தாண்டிவிட்டது.

தேர்தல் வைத்தால் கட்சிக்காரர்கள் புகுந்து கொள்ளையடிப்பார்கள் என்று சொல்வீர்கள். உண்மை, புகுவார்கள். அதே கேரளத்தில்தான், 2021இல் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் நூறு கோடிக்கு மேல் முறைகேடு வெளியே வந்தது, சேமிப்பைப் போட்ட பெரியவர்கள் சிகிச்சைக்குக்கூடப் பணம் எடுக்க முடியாமல் அலைந்தார்கள். தேர்ந்தெடுத்த குழு இருந்தும் அப்படி ஆனது, ஏனென்றால் உறுப்பினர் கண்ணில் கணக்கு படவில்லை. இதற்குத் தேர்தலை நிறுத்துவது எப்படி மருந்தாகும்? திருட்டு நடந்த வீட்டில் சொந்தக்காரனை வெளியே அனுப்பிப் பூட்டுகிற வேலை அது. தணிக்கை அறிக்கையை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், யார் யாரிடம் எவ்வளவு கடன் வசூலாகாமல் நிற்கிறது என்பதைப் பேரவையில் படியுங்கள். ஊர்க்காரர்களுக்கு யார் திருடன் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

தேர்தல் நடத்த ஆணையமே தனியாக இருக்கிறது, தேதி குறிப்பதுதான் பாக்கி. அதற்கு முன் உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். இறந்தவர்கள் பெயரும் வெளியூர் போய்விட்டவர்கள் பெயரும் அப்படியே கிடக்கின்றன, நிலத்தில் வேலை செய்கிற பெண்கள் பட்டா தங்கள் பெயரில் இல்லாததால் வெளியே நிற்கிறார்கள். குத்தகைக்காரர் கதையும் இதுதான்.

அப்புறம் ஒன்று. ஆட்டோ ஓட்டுபவர்களும் உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகளும் ஆப் முதலாளிக்குக் கமிஷன் கட்டி நொந்துபோய் இருக்கிறார்கள். அவர்களுக்காக நலவாரியம் அமைத்தது நல்லது, ஆனால் வாரியம் அவர்களுக்குச் சொந்தமானது இல்லை. சொந்தமாகச் சங்கம் பதிவு செய்ய அவர்கள் வந்தால் நடையாய் நடக்கவிடாதீர்கள், முதல் இரண்டு வருஷத்துக்குக் கணக்கெழுத ஆள் கொடுங்கள், அரசு ஆஸ்பத்திரிக்கும் அரசு ஆபீஸுக்கும் வண்டி எடுக்கும்போது அவர்களிடமே எடுங்கள்.

எங்கள் சங்கத்தில் அடுத்த பேரவைக் கூட்டம் எப்போது என்று இந்த மடலோடு சேர்த்து எழுத்தில் கேட்டு மனுவும் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் அதையும் இங்கேயே போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பங்குதாரர்